ஆக்ஸ்ஃபோர்ட்ல ஒரு நாள்: பசங்க டூர் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

எல்லாருக்கும் வணக்கம். நான்தான் இந்த வருஷ டூருக்குப் பொறுப்பு அக்கா. லண்டன்ல நம்ம சனிக்கிழமை தமிழ் கிளாஸ்ல 12 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் இருக்கற பசங்களை ஜூன் மாசம் ஆக்ஸ்ஃபோர்ட் கூட்டிட்டுப் போறோம்னு ஒரு மெசேஜ்தான் போட்டேன், அதுக்கப்புறம் வாட்ஸாப்ல ஒரே கேள்வியை ஏழு பேர் ஏழு விதமா கேக்கறாங்க, நானும் பஸ்ல நின்னுக்கிட்டே பதில் டைப் பண்ணிப் பண்ணி கை வலிச்சுப் போச்சு. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். படிச்சிட்டு அப்புறம் கேளுங்க ப்ளீஸ்.

எங்க சேரணும், எத்தனை மணிக்கு?

பாடிங்டன் ஸ்டேஷன், பிளாட்ஃபாரம் 1, அங்க ஒரு கரடி சிலை இருக்கு, அதுக்குப் பக்கத்துல காலை எட்டரைக்கு. எட்டரைன்னா எட்டரை, நம்ம கல்யாண வீட்டு எட்டரை இல்ல. டிரெயின்ல சுமார் ஒரு மணி நேரம், ஸ்டேஷன்ல இறங்கினா ஊருக்குள்ள நடந்தே போயிடலாம்.

ஏன் பஸ் வாடகைக்கு எடுக்கல? நாங்க கார்லயே கொண்டு வந்து விட்டா என்ன?

முதல் தடவை பஸ்தான் எடுத்தோம். டிரைவர் எங்களை ஒரு தெருவுல இறக்கி விட்டுட்டு, சாயங்காலம் வேற ஒரு தெருவுல போய் நின்னுக்கிட்டார், போனையும் எடுக்கல, 24 பசங்களோட முக்கால் மணி நேரம் நடைபாதையில நின்னோம், அதுல ரெண்டு பேருக்கு அவசரமா பாத்ரூம் வேற. அதோட பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு.

கார் பத்தி சொல்லணும்னா, அந்த ஊருக்கே கார் பிடிக்காது. நடு ஊர்ல பார்க்கிங் கிடைக்காது, கிடைச்சாலும் விலையைப் பார்த்தா மனசு வலிக்கும். ஊரைச் சுத்தி அஞ்சு இடத்துல பார்க் அண்ட் ரைடு வச்சிருக்காங்க, காரை அங்க விட்டுட்டு பஸ் பிடிச்சு உள்ள வரணும். கார்லதான் வருவேன்னு அடம் பிடிக்கறவங்க அப்படி வாங்க, ஆனா பசங்க எங்க கூட டிரெயின்ல வரட்டும், பாதி ஜாலியே அதுலதான் இருக்கு.

எவ்வளவு காசு?

15 வயசு வரைக்கும் 20 பவுண்ட், 16ல இருந்து 30. டிக்கெட் வாங்கி மிச்சம் இருந்தா திருப்பிக் குடுத்துடுவோம். 5ல இருந்து 15 வயசு வரைக்கும் பாதி டிக்கெட்தான், பெரியவங்க மூணுல இருந்து ஒன்பது பேர் வரைக்கும் சேர்ந்து போனா மூணுல ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்குது, சனிக்கிழமைங்கறதால கூட்ட நேரக் கட்டணத் தொல்லையும் இல்ல. நாம போற மியூசியம் எல்லாமே ஃப்ரீ. கையில ஒரு பத்து பவுண்ட் குடுத்து அனுப்புங்க, அதுக்கு மேல வேண்டாம், குடுத்தா மியூசியம் கடையில ரப்பர் டைனோசரா மாறி வீட்டுக்கு வரும்.

யுனிவர்சிட்டி எந்த பில்டிங்? கேட் எங்க இருக்கு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா முதல் தடவை போனப்ப நானே ஸ்டேஷன்ல ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டு அசடு வழிஞ்சேன். நம்ம ஊர்ல அண்ணா யுனிவர்சிட்டின்னா ஒரு கேட், ஒரு போர்டு, உள்ள ஒரு ரோடு. இங்க அப்படி ஒரு கேட்டே கிடையாது. ஊரும் யுனிவர்சிட்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும். நாப்பதுக்கு மேல காலேஜும் ஹாலும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி மதில், தனி சாப்பாட்டு ஹால், தனி புல்வெளி (அதுல கால் வைக்கக் கூடாது, வச்சா கேட்ல இருக்கற போர்ட்டர் வந்துடுவார்). ரெண்டு காலேஜுக்கு நடுவுல சைக்கிள் கடை இருக்கும், பேங்க் இருக்கும், கபாப் வண்டி நிக்கும்.

எப்ப ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா அதுக்கும் ஒரு தேதி கிடையாது. 1096லேயே ஏதோ ஒரு வகையில பாடம் நடந்திருக்கு. 1167ல ரெண்டாம் ஹென்றி ராஜா, இங்கிலாந்துப் பசங்க யாரும் பாரிஸ் போய் படிக்கக் கூடாதுன்னு தடை போட்டார், அதுக்கப்புறம்தான் இங்க கூட்டம் சேர ஆரம்பிச்சுது. தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டி முடிச்சு நூறு வருஷம் கூட ஆகாத சமயத்துல இங்க வகுப்பு நடந்திருக்குன்னு பசங்ககிட்ட சொல்லுங்க, அப்பதான் அவங்களுக்கு ஒரு கணக்கு பிடிபடும்.

ராட்கிளிஃப் கேமரான்னு போட்டிருக்கீங்களே, அது எவ்வளவு பெரிய கேமரா?

சிரிக்காதீங்க, இதை மூணு பேர் சீரியஸாவே கேட்டாங்க. கேமராங்கறது லத்தீன்ல அறை, அவ்வளவுதான். வட்டமா, மேல டூம் வச்ச கட்டடம், ஊர் போட்டோ எதை எடுத்தாலும் இதுதான் நடுவுல நிக்கும். ஜேம்ஸ் கிப்ஸ்ங்கற கட்டடக் கலைஞர் வரைஞ்சது, 1737ல ஆரம்பிச்சு 1749ல முடிச்சாங்க. உள்ள பாட்லியன்ங்கற யுனிவர்சிட்டி லைப்ரரியோட படிப்பறை, பசங்க உக்காந்து படிச்சுக்கிட்டு இருப்பாங்க, அதனால கைடு டூர்ல போனாத்தான் உள்ள விடுவாங்க. நாம வெளியில நின்னு பார்ப்போம்.

அந்த பாட்லியன் 1602ல திறந்தது. அங்க மெம்பர் ஆகறவங்க ஒரு உறுதிமொழி எடுக்கணும், லைப்ரரிக்குள்ள நெருப்பு கொண்டு வர மாட்டேன், எதையும் பத்த வைக்க மாட்டேன்னு. இன்னைக்கும் எடுக்கறாங்க. 1610ல போட்ட ஒரு ஒப்பந்தத்துல இருந்து இந்த நாட்டுல அச்சாகற புத்தகத்துல ஒரு காப்பி அங்க போய்ச் சேரணும்னு ஏற்பாடு.

அதுக்குப் பக்கத்துலயே செயின்ட் மேரி சர்ச் கோபுரம், 127 படி. கடைசியில படி ரொம்ப ஒடுக்கமா சுத்திச் சுத்திப் போகும், எதிர்ல ஆள் வந்தா சுவத்தோட ஒட்டிக்கணும். டிக்கெட் தனி. ஏற விருப்பம் இருக்கறவங்க மட்டும் ஒரு அண்ணாவோட போகலாம், மத்தவங்க கீழ என்னோட ஐஸ்கிரீம்.

அந்த மந்திரவாதிப் பையன் படம் எடுத்த காலேஜுக்குப் போறோமா?

இல்ல. தெரியும், கோவம் வரும். ஜூன்ல பரீட்சை சீசன், நிறைய காலேஜ் பார்வையாளரை உள்ள விடாது, விடறதும் டிக்கெட் போட்டுத்தான் விடும், 24 பேருக்கு அந்தக் காசை ஒரு மாடிப்படியைப் பார்க்கறதுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. அதுக்குப் பதிலா ஜூன்ல மட்டும் கிடைக்கற ஒண்ணு இருக்கு. தெருவுல கருப்பு கவுன், வெள்ளை சட்டை போட்டுக்கிட்டு ஸ்டூடன்ட்ஸ் நடந்து போவாங்க, சட்டையில ஒரு பூ குத்தியிருக்கும். முதல் பரீட்சைக்கு வெள்ளைப் பூ, நடுவுல வர்றதுக்கு பிங்க், கடைசிப் பரீட்சைக்கு சிவப்பு. பூவைப் பார்த்தே இந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை நாள் கஷ்டம்னு கண்டுபிடிச்சிடலாம். போன தடவை சிவப்புப் பூ வச்ச ஒருத்தியைப் பார்த்து நம்ம பசங்க கை தட்டினாங்க, அவ ரோட்டுலயே குனிஞ்சு வணக்கம் வச்சுட்டுப் போனா.

ஊர்ல அத்தனை மியூசியம் இருக்கு, ஏன் நாள் பூரா ஒரே இடம்?

இதுல என் மேல நிறைய பேருக்கு வருத்தம்னு தெரியும், கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

போன தடவை நான் போட்ட பிளான்ல மூணு மியூசியம், ரெண்டு காலேஜ், படகு, மார்க்கெட், எல்லாம் இருந்துச்சு. காகிதத்துல பார்க்க அழகா இருந்துச்சு. ரெண்டு மணிக்கெல்லாம் பசங்க முகம் செத்துப் போச்சு. ஒரு மம்மி முன்னாடி எல்லாரும் கால் நீட்டி உக்காந்துட்டாங்க, ஒருத்தன் கூட மம்மியைப் பார்க்கல. நான் "வாங்க வாங்க அடுத்து"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன், டூர் கைடு இல்ல, மாடு மேய்க்கறவ மாதிரி.

அப்ப பிட் ரிவர்ஸ்னு, உலகத்துச் சாமானெல்லாம் சேர்த்து வச்சிருக்கற மியூசியத்துல இருந்து கிளம்பறப்ப தலை எண்ணினா 23. ஒருத்தன் இல்ல. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ரெண்டு அண்ணாக்களும் வாசலுக்கு ஓடினாங்க, நான் உள்ள ஓடினேன். பார்த்தா பையன் ஒரு கண்ணாடி அலமாரிக்குக் கீழ தரையில மண்டி போட்டு உக்காந்திருக்கான். அங்க அலமாரிக்கு அடியில இழுப்பறை இருக்கு, பல பேருக்கு அதைத் திறக்கலாம்னே தெரியாது, தாராளமா திறக்கலாம். அவன் ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்து, மூடி, அடுத்ததை இழுத்துன்னு அரை மணி நேரமா அதையே பண்ணிக்கிட்டு இருந்திருக்கான். அந்த இழுப்பறை முழுக்க தாயத்து, எல்லா நாட்டுதும், ஒவ்வொண்ணுக்கும் நகம் அளவு சீட்டு. திட்டறதுக்கு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அவன் "அக்கா, எங்க பாட்டி என் தங்கச்சி இடுப்புல கட்டினது இதே மாதிரிதான் இருந்துச்சு, இதையும் ஒரு பாட்டிதான் கட்டியிருப்பாங்களா"ன்னு கேட்டான். அப்புறம் எங்க திட்டறது.

அன்னைக்கு வந்ததுல ஒரு மாசம் கழிச்சும் பார்த்ததைப் பத்திப் பேசினவன் அவன் ஒருத்தன்தான். அதான் இந்த வருஷம் ஒரே கட்டடம். இயற்கை வரலாற்று மியூசியமும் அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கற பிட் ரிவர்ஸும். முன்னது வழியாத்தான் பின்னதுக்கே போகணும், அதனால கணக்குல ரெண்டு, காலுக்கு ஒண்ணு.

இயற்கை வரலாற்று மியூசியத்துல என்ன பார்க்கணும்?

முதல்ல தலையைத் தூக்கி கூரையைப் பாருங்க. 1860ல திறந்த கட்டடம், மேல முழுக்க இரும்பும் கண்ணாடியும், வெயில் நேரா எலும்புக்கூடு மேல விழும். சுத்தி நிக்கற தூண் ஒவ்வொண்ணும் பிரிட்டன்ல வேற வேற இடத்துல கிடைச்ச வேற வேற கல்லு, அதுவே ஒரு கலெக்‌ஷன். வாசல் பக்கம் ஜன்னலைச் சுத்தி செதுக்கல் இருக்கும், சிலது பாதியில நிக்கும், அன்னைக்கு காசு தீர்ந்து போச்சு. கட்டட வேலை பட்ஜெட்டுக்குள்ள முடியாதது உலகம் பூரா ஒண்ணுதான் போல. அதே 1860ல இங்கதான் டார்வின் கொள்கை பத்தி, அதை ஆதரிச்ச விஞ்ஞானி ஹக்ஸ்லிக்கும் எதிர்த்த பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்துச்சு.

அப்புறம் டோடோ. மொரீஷியஸ் தீவுல இருந்த, பறக்கத் தெரியாத, 1600கள்லயே அழிஞ்சு போன பறவை. உலகத்துலயே தோலும் சதையுமா மிஞ்சியிருக்கற டோடோ இந்த ஒண்ணுதான், அதுவும் தலையும் ஒரு காலும் மட்டும். முழுசா பாடம் பண்ணி வச்சிருந்தாங்க, கெட்டுப் போச்சுன்னு 1755ல மிச்சத்தைக் கழிச்சுட்டாங்க. நிஜத் தலையை பத்திரமா உள்ள வச்சிருக்காங்க, நீங்க பார்க்கப் போறது அச்சு எடுத்தது, அதனால "ஏமாத்திட்டாங்க அக்கா"ன்னு அங்க வந்து சொல்லக் கூடாது. இதுல ஒரு துப்பறியும் கதையும் இருக்கு. லண்டன்ல உயிரோட காட்சிக்கு வச்சிருந்த டோடோதான் செத்த பிறகு இங்க வந்துச்சுன்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2018ல ஸ்கேன் பண்ணிப் பார்த்தா தலைக்குப் பின்பக்கமும் கழுத்துலயும் சின்னச் சின்ன ஈயக் குண்டு. யாரோ பின்னாடி இருந்து சுட்டிருக்காங்க! முந்நூறு வருஷம் பெட்டிக்குள்ள இருந்த பறவை, கொலைன்னு இப்பதான் தெரிஞ்சுது.

மெகலோசாரஸ் தாடை எலும்பையும் விட்டுடாதீங்க. விஞ்ஞான முறைப்படி முதல்ல பேர் வச்ச டைனோசர் அதுதான், 1824ல வில்லியம் பக்லண்ட் வச்சார். டைனோசர்ங்கற வார்த்தையே அப்ப கிடையாது, அது 1842லதான் வந்துச்சு. வாசல் புல்வெளியில அது நடந்து போன கால் தடத்தோட அச்சு வரிசையா பதிச்சிருக்காங்க, ஒரு தடத்துல இருந்து அடுத்ததுக்குத் தாண்ட முடியுதான்னு பாருங்க, 17 வயசுக்காரங்களும் திணறுவாங்க.

பிட் ரிவர்ஸ்ல சுருக்கின மனுஷத் தலை இருக்காமே, சின்னப் பசங்க பயப்படுவாங்களே?

இருந்துச்சு, இப்ப இல்ல. 2020ல அதையும் மத்த மனித உடல் பாகங்களையும் காட்சியில இருந்து எடுத்துட்டாங்க. பல பேர் அதை வேடிக்கைப் பொருளா பார்த்து "காட்டுமிராண்டி"ன்னு சிரிச்சுட்டுப் போறாங்க, அது யாரோட முன்னோரோ, அப்படிக் காட்டறது தப்புன்னு முடிவு பண்ணாங்க. எனக்கு சரின்னுதான் படுது. நம்ம தாத்தா தலை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து ஸ்கூல் பசங்க செல்ஃபி எடுத்தா நமக்கு எப்படி இருக்கும்? பெரிய பசங்க இதைப் பத்தி டிரெயின்ல வரப்ப சண்டை போடுங்க, நான் நடுவுல வர மாட்டேன்.

இருட்டா இருக்கும், அதுக்கு வேணா சின்னப் பசங்க கையைப் பிடிச்சுக்கோங்க. ஜெனரல் பிட் ரிவர்ஸ்ங்கறவர் தன் கலெக்‌ஷனைக் குடுத்து 1884ல ஆரம்பிச்சது, இப்ப போட்டோ எல்லாம் சேர்த்து அஞ்சு லட்சத்துக்கு மேல. மத்த மியூசியத்துல நாடு வாரியா வைப்பாங்க, இங்க சாமான் வாரியா. பூட்டுன்னா உலகத்துப் பூட்டெல்லாம் ஒரே அலமாரியில, விளக்குன்னா விளக்கெல்லாம் ஒண்ணா, படகு மேல தொங்கும். பாட்டி வீட்டுப் பரண் மாதிரி, ஆனா ஒவ்வொண்ணுலயும் சீட்டு கட்டியிருக்கும், சிலது கையால எழுதினது. நடுவுல 11 மீட்டர் உசரத்துக்கு கனடாவுல இருந்து வந்த மரத்தூண் நிக்குது, ஹைடாங்கற பழங்குடி மக்களோடது. ஒரு வெள்ளி நிற கண்ணாடிப் பாட்டில் இருக்கு, உள்ள சூனியக்காரி இருக்கான்னு சொல்லி 1915ல ஒரு வயசான அம்மா குடுத்தாங்களாம். திறந்தா வம்புன்னு சொன்னாங்களாம். இன்னும் யாரும் திறக்கல.

நோட்டும் பென்சிலும் எதுக்கு?

இதான் இந்த வருஷ விதி. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அது முன்னாடி 20 நிமிஷம் உக்காரணும். வரையலாம், எழுதலாம், சும்மா முறைக்கலாம். வரையத் தெரியாதுன்னு சாக்கு சொல்லக் கூடாது, எனக்கும் தெரியாது. பேனா வேண்டாம், பென்சில்தான். அப்புறம் அதை வீட்ல யாருக்காவது தமிழ்ல சொல்லணும், அதுக்குத்தான் நோட்டு.

ஆஷ்மோலியன்தானே பெரிய மியூசியம், அங்க போகலையா? நம்ம ஊர் ஆழ்வார் சிலை அங்கதானே இருக்கு?

போற வழியில அரை மணி நேரம் மட்டும் நுழைவோம், குரூப்பா போக முன்கூட்டியே புக் பண்ணியாச்சு. 1683ல பொது ஜனத்துக்குத் திறந்து விட்டது, அப்ப வேற கட்டடம், பிராட் ஸ்ட்ரீட்ல, அந்தப் பழைய கட்டடம் இப்ப விஞ்ஞான வரலாற்று மியூசியம், அங்க 1931ல ஐன்ஸ்டீன் எழுதின கரும்பலகையை அழிக்காம அப்படியே வச்சிருக்காங்க. டோடோ கூட முதல்ல ஆஷ்மோலியன்ல இருந்ததுதான்.

சிலை விஷயம் சரியாத்தான் கேட்டீங்க. 16ஆம் நூற்றாண்டு திருமங்கை ஆழ்வார் வெண்கலச் சிலை, 1967ல லண்டன்ல ஏலத்துல வாங்கினாங்க. அப்புறம் ஒரு ஆராய்ச்சியாளர் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்த 1957 போட்டோ ஒண்ணைக் கண்டுபிடிச்சார், அதுல இதே சிலை தமிழ்நாட்டுல கும்பகோணம் பக்கத்து சௌந்தரராஜப் பெருமாள் கோயில்ல இருக்கு. மியூசியமே இந்திய ஹை கமிஷனுக்குத் தகவல் சொல்லுச்சு, இந்தியா கேட்டுச்சு, 2024 மார்ச்ல யுனிவர்சிட்டி கவுன்சில் திருப்பிக் குடுக்க ஒத்துக்கிச்சு. அதனால அதைப் பார்க்கலாம்னு ஆசை வச்சு வராதீங்க, அது கோயிலுக்குச் சொந்தம். ஒரு பழைய போட்டோ இவ்வளவு வேலை பார்த்திருக்கு, வீட்ல பழைய ஆல்பத்தைத் தூக்கிப் போடறவங்க கவனிக்கவும்.

ராமானுஜன் படிச்சது இங்கதானே?

இல்லைங்க, அது கேம்பிரிட்ஜ், ட்ரினிட்டி காலேஜ். இங்க திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணன் 1936ல இருந்து 1952 வரைக்கும் ப்ரொஃபசரா இருந்தார். ஆனா நாம தேடிப் போறது அவரையும் இல்ல.

டூர்ல கல்லறை எதுக்கு? பசங்களை அங்கெல்லாம் கூட்டிட்டுப் போகணுமா?

சில அம்மாக்கள் தனியா போன் பண்ணிக் கேட்டாங்க. புரியுது. ஆனா அங்க படுத்திருக்கறது ஜி.யு. போப்.

போப்பையர்னு நம்ம பாடப் புத்தகத்துல வந்தவர்தான், சென்னை மெரினாவுல சிலை கூட இருக்கு. கனடாவுல 1820ல பிறந்து, 19 வயசுல மெட்ராஸ் வந்து, தூத்துக்குடி பக்கம் சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டின்னு வாழ்ந்துட்டு, வயசான காலத்துல ஆக்ஸ்ஃபோர்ட் வந்து இங்க தமிழும் தெலுங்கும் சொல்லிக் குடுத்தார். திருக்குறளை 1886ல இங்கிலீஷ்ல போட்டார், நாலடியாரை 1893ல, திருவாசகத்தை 1900ல. திருவாசகம் பண்ணலாமான்னு யோசிச்சப்ப எனக்கு வயசாயிடுச்சேன்னு சொல்லியிருக்கார். கூட நடந்துக்கிட்டு இருந்த பேலியல் காலேஜ் தலைவர் ஜோவெட், பெரிய வேலை ஒண்ணு கையில இருந்தா ஆயுசு நீளும், அதை முடிக்கற வரைக்கும் இருப்பீங்கன்னு தைரியம் சொன்னாராம், அந்த முன்னுரையில போப்பே எழுதியிருக்கார். முடிக்கறப்ப அவருக்கு 80 வயசு. சொன்ன ஜோவெட் 1893லேயே போயிட்டார். ரெண்டு பேரும் இப்ப ஒரே கல்லறைத் தோட்டத்துலதான் இருக்காங்க, வால்டன் ஸ்ட்ரீட்ல செயின்ட் செபல்கர் கல்லறை, ஆஷ்மோலியன்ல இருந்து பத்து நிமிஷ நடை.

இன்னொண்ணு. "நான் ஒரு தமிழ் மாணவன்"னு அவர் கல்லறையில எழுதியிருக்குன்னு நாம எல்லாரும் படிச்சிருப்போம், மேடையில கேட்டிருப்போம். போய்ப் பாருங்க, அப்படி ஒரு வரி அந்தக் கல்லுல இல்ல. முதல் தடவை எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு, பாசி படிஞ்ச எழுத்தை விரலால தடவித் தடவிப் படிச்சேன். தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்னே அவரைப் போட்டிருக்கு, இங்க தமிழ், தெலுங்கு சொல்லிக் குடுத்தவர்னு இருக்கு. அப்புறம் இந்தக் கல்லை வச்சது அவர் குடும்பமும் தென்னிந்தியாவுல இருக்கற அவரோட தமிழ் நண்பர்களும்னு எழுதியிருக்கு. கதையை விட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. 1908ல செத்துப் போன ஒரு வாத்தியாருக்கு அங்க இருந்து காசு சேர்த்து அனுப்பியிருக்காங்க நம்ம ஆளுங்க.

பூ கொண்டு வர்றவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கொத்து போதும். அங்க ஒரு குறள் சொல்லணும், எது வேணா. "அகர முதல" தவிர. எல்லாரும் அதையேதான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்.

படகு?

இந்த வருஷம் இல்ல. நீளக் கம்பை ஊனி ஊனித் தள்ளற படகு, பார்க்க ஈஸியா இருக்கும், கம்பு சேத்துல மாட்டிக்கிட்டா படகு போயிடும், நீங்க கம்போட தொங்கணும். அதுக்கு ஒரு தனி நாள் வேணும்.

சாப்பாடு?

கட்டிக் குடுத்துடுங்க. புளியோதரை, லெமன் சாதம், சாண்ட்விச், சிந்தாத எதுவா இருந்தாலும் சரி. மியூசியத்துக்குள்ள சாப்பிடக் கூடாது, வெளியில அந்த டைனோசர் கால் தடம் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவோம். நட்ஸ் அலர்ஜி இருக்கற பசங்க ரெண்டு பேர் வர்றாங்க, கடலை போடாதீங்க ப்ளீஸ், புளியோதரையிலயும்தான். மழை வந்தா 1774ல இருந்து நடக்கற கவர்ட் மார்க்கெட் இருக்கு, கூரைக்கு அடியில ஒதுங்கிக்கலாம். குடையை விட தொப்பி வச்ச ஜாக்கெட் நல்லது.

போன் கொண்டு வரலாமா? தொலைஞ்சு போனா?

கொண்டு வாங்க, சார்ஜ் போட்டு வாங்க. போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். ஆறு ஆறு பேரா நாலு குழு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெரியவங்க, அவங்க நம்பரைப் போன்ல மட்டும் இல்லாம பேனாவால கையிலயும் எழுதிக்கணும், ஏன்னா சார்ஜ் தீர்ந்த போன் வெறும் கல்லு. தொலைஞ்சுட்டா நீங்க தேடாதீங்க, நின்ன இடத்துல நில்லுங்க, நாங்க வருவோம். மியூசியத்துக்குள்ளன்னா டோடோ பக்கத்துல வந்து நில்லுங்க. கூட வர்ற பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள், எண்ணறப்ப உங்களையும் சேர்த்து எண்ணிடாதீங்க, போன தடவை அதனாலயே ஒரு குழப்பம்.

என் பொண்ணு அங்கேயே படிக்கணும்னு ஆசை, யாரையாவது பார்த்துப் பேச முடியுமா?

இந்த டூர்ல முடியாது, ஆனா தகவல் சொல்றேன். இந்த நாட்டுல யுனிவர்சிட்டிக்கெல்லாம் பொதுவா அப்ளிகேஷன் வாங்கற யூகாஸ் வழியாத்தான் அப்ளை பண்ணணும், மத்த யுனிவர்சிட்டிக்கு இருக்கற டைம் இதுக்கு இல்ல, அக்டோபர் 15ஓட முடிஞ்சிடும். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் போட முடியாது. இன்டர்வியூ டிசம்பர்ல, ஆன்லைன்ல. அரசுப் பள்ளியில இயர் 12 படிக்கறவங்களுக்கு யூனிக்னு ஒரு ப்ரோகிராம் யுனிவர்சிட்டியே நடத்துது, ஃப்ரீ, அதுக்குக் கண்டிப்பா போடச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, டூர் அன்னைக்கு காலையில பிள்ளைகிட்ட "நல்லா பார்த்துக்கோ, நீ இங்கதான் வரணும்"னு சொல்லி அனுப்பாதீங்க. போன தடவை ஒரு பொண்ணு நாள் பூரா எதையும் ரசிக்காம கட்டடத்தையெல்லாம் பயந்து பயந்து பார்த்துக்கிட்டு வந்தா.

திரும்பி எப்ப?

பாடிங்டன்ல அதே கரடி, சாயங்காலம் ஏழு மணி வாக்குல. நடுவுல வர்ற ரெடிங் ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள பாதி பேர் தூங்கிடுவாங்க, அதனால டிரெயின்ல இருந்து யாரும் மெசேஜுக்குப் பதில் போடலைன்னா பதறாதீங்க, நான் கிளம்பினதும் குரூப்ல போடுவேன். கூட்டிட்டுப் போக வர்றவங்க "என்னெல்லாம் பார்த்தே"ன்னு கேட்டா "நிறைய"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நோட்டைக் காட்டச் சொல்லுங்க.